காலணா கொய்னா

கொல்கத்தாவில் எந்த டாக்ஸிக்காரரிடமும் "பி.ஜி. ஆஸ்பத்திரி" என்று சொன்னால் போதும், கொண்டுபோய் விட்டுவிடுவார். இப்போதைய பெயர் எஸ்.எஸ்.கே.எம். என்றாலும் பழைய பெயர்தான் வாயில் நிற்கிறது. அந்த மதிலில் ரொனால்ட் ராஸுக்கு 1927ல் திறந்த நினைவு வாசல் ஒன்று இருக்கிறது. 1897ல் செகந்திராபாதில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டவர், அடுத்த வருஷம் இங்கே ஒரு சின்ன ஆய்வுக்கூடத்தில் பறவைகளை வைத்து மிச்சக் கதையை முடித்தார். 1902ல் நோபல் பரிசு.

ராஸைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கொசுதான் காரணம் என்று யாருக்கும் தெரியாத காலத்திலேயே, அந்தக் காய்ச்சலுக்கு மருந்தை இதே ஊரிலிருந்து சிலர் ஏற்பாடு செய்துவிட்டார்கள். நான் எழுத நினைப்பது அவர்களைப் பற்றி. நம் தாத்தா பாட்டிகள் முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்கிய கொய்னாவின் கதை. பாதி ஊட்டியில் நடக்கிறது, மீதி வங்காளத்தில். இரண்டு ஊருக்கும் சம்பந்தப்பட்டவன் என்பதால் இந்த உரிமையை நானே எடுத்துக்கொள்கிறேன் :-)

அடியேன் படித்தது பி.காம். கெமிஸ்ட்ரி பிளஸ் டூவோடு சரி. அதனால் ரசாயனத்தை சமையல்கட்டு வழியாகத்தான் சொல்லப்போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சின்கோனா மரம் தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைச் சரக்கு. அதன் பட்டையை அரைத்துக் குடித்தால் காய்ச்சல் நிற்கும் என்பது ஐரோப்பாவுக்கு 17ம் நூற்றாண்டிலேயே தெரிந்துவிட்டது. பட்டைக்குள்ளிருந்து குவினைன் என்ற சரக்கை 1820ல் பாரிஸில் பெல்லெத்தியே, கவந்து என்ற இரண்டு பேர் தனியாகப் பிரித்தார்கள். அதன்பிறகு மவுசு ஏறிவிட்டது. மரத்தைக் கண்டபடி வெட்டினார்கள். விலையும் ஏறியது. காய்ச்சலில் சிப்பாய்களை இழந்துகொண்டிருந்த பிரிட்டிஷ்காரர்கள் யோசித்தார்கள்: இந்த மரத்தை நாமே இந்தியாவில் வளர்த்தால் என்ன?

1860ல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் என்பவர் பெரு பக்கம் போய்ச் செடிகளும் விதைகளும் சேகரித்தார். அவை வந்து சேர்ந்த இடம் உதகமண்டலம். அங்கே தாவரத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த வில்லியம் மெக்கைவர் கையில் மரம் பிடித்துக்கொண்டது. தொட்டபெட்டா, நடுவட்டம் என்று தோட்டங்கள் பரவின. ஊட்டியிலிருந்து கூடலூர் இறங்கும்போது நடுவட்டத்தைத் தாண்டித்தான் போயிருப்பீர்கள். அங்கே தோட்ட வேலைக்குச் சீனக் கைதிகளைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள் என்பது கொசுறு தகவல். மெக்கைவரிடம் ஒரு வித்தை இருந்தது. மரத்தை வெட்டாமல் பட்டையைப் பட்டைப் பட்டையாக உரித்துவிட்டு, அந்த இடத்தைப் பாசியால் மூடிக் கட்டிவிடுவார். புதுப் பட்டை வளரும். அதில் மருந்துச் சத்தும் அதிகமாக இருக்கும். முதலில் கை வைக்காமல் வட்டியை மட்டும் எடுப்பது மாதிரி. எங்கள் தொழிலில் இருந்திருக்க வேண்டிய ஆள்.

இதே சமயத்தில் ஹூக்ளிக்கு அந்தக் கரையில், சிப்பூர் தாவரத் தோட்டத்தின் தலைவராக இருந்தவர் தாமஸ் ஆண்டர்சன். (இன்று அது ஆச்சார்ய ஜகதீஷ் சந்திர போஸ் பெயரில் இருக்கிறது. அந்தப் பெரிய ஆலமரத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம்.) அவர் 1861ல் ஜாவா போய் டச்சுக்காரர்களிடமிருந்து செடி வாங்கி வந்தார். டார்ஜிலிங் பக்கம் நட்டுப் பார்த்தார்கள். உயரத்தில் குளிர் தாங்கவில்லை. கீழே கீழே இறங்கி, கடைசியில் மங்பூ என்ற இடத்தில் காலூன்றியது. ஆண்டர்சன் 1870ல் செத்துப்போனார். அடுத்த வருஷம் அந்த நாற்காலிக்கு வந்தவர் ஜார்ஜ் கிங். 1898 வரை இருந்தார்.

மரம் வளர்ந்துவிட்டது. இனிமேல்தான் மேட்டர்.

இந்தியாவில் நன்றாக வளர்ந்தது செம்பட்டை சின்கோனா. பிழைக்கும், கொழிக்கும், சுலபத்தில் சாகாது. ஆனால் அதன் பட்டையில் குவினைன் கம்மி. அதற்கு அண்ணன் தம்பிகளான சின்கோனின், சின்கோனிடின் போன்றவைதான் அதிகம். லண்டன் மருந்துக்கடைக்காரன் கேட்பதோ சுத்தமான குவினைன். அந்தக் கணக்கில் பார்த்தால் மலை மலையாக நட்டதெல்லாம் வாராக்கடன்.

இந்த இடத்தில் நம் மெட்ராஸ் ஒரு அருமையான காரியம் செய்தது. பெரிதாக யாரும் பேசுவதில்லை. அந்த அண்ணன் தம்பிகளுக்கும் காய்ச்சலைத் தணிக்கும் சக்தி உண்டா என்று பார்க்க ஒரு கமிஷன் போட்டார்கள். 1866 முதல் 1868 வரை சுமார் 3,600 நோயாளிகளுக்கு குவினைன், குவினிடின், சின்கோனின், சின்கோனிடின் நான்கையும் கொடுத்துப் பார்த்தார்கள். நான்குமே 98 சதவீதத்துக்கு மேல் வேலை செய்தன. அதாவது, பட்டையில் இருப்பதை ஒவ்வொன்றாகப் பிரித்து, குவினைனை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொட்ட வேண்டிய அவசியமே இல்லை. மொத்தமாக இறக்கிக் கொடுத்தாலே ஏழைக்குக் காய்ச்சல் நிற்கும். இன்றைக்கு மருந்துக் கம்பெனிகள் கோடிக்கணக்கில் செலவழித்து நடத்தும் ஒப்பீட்டுச் சோதனையின் கொள்ளுத்தாத்தா இது.

ஊட்டிப் பக்கம் ஜான் ப்ராட்டன் என்ற ரசாயன அதிகாரி அப்படி ஒரு கலவை மருந்து செய்தார். கணக்குப் பார்த்தபோது செலவு கட்டுப்படியாகவில்லை, கைவிட்டார்கள். மங்பூவில் அது கைகூடியது. 1873ல் சி.எச்.வுட் என்பவரை அங்கே நியமித்தார்கள். பதவியின் பெயர் 'குவினாலஜிஸ்ட்'. (விசிட்டிங் கார்டில் போட்டால் எவ்வளவு கம்பீரமாக இருக்கும்!)

வுட்டின் முறையைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவ்வளவு எளிமை. காய்ந்த பட்டையை நுணுக்கி மரப் பீப்பாயில் போடுவது. ரொம்ப நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைக் குளிர்ந்த நிலையிலேயே ஊற்றி ஊறவைப்பது. அடுப்பே கிடையாது. மருந்துச் சத்தெல்லாம் அந்தப் புளித்த தண்ணீருக்குள் இறங்கிவிடும். அந்த நீரில் காஸ்டிக் சோடாவைக் கலந்தால் சத்து திரிந்து அடியில் படியும். வடிகட்டி, அலசி, காயவைத்துப் பொடி செய்தால் முடிந்தது. சின்கோனா ஃபெப்ரிஃப்யூஜ் என்று பெயர் வைத்தார்கள். 1875 வாக்கில் அரசாங்க ஆஸ்பத்திரிகளுக்குப் போக ஆரம்பித்தது. பர்த்வான் காய்ச்சல் என்று பெயர் பெற்ற பெரும் காய்ச்சல் வங்காள கிராமங்களைக் காலி செய்துகொண்டிருந்த காலம் அது.

ஆனால் இந்தப் பொடிக்கு ஒரு கெட்ட பெயரும் வந்தது. குமட்டுகிறது என்றார்கள். டாக்டர்களுக்கும் வெள்ளை வெளேர் என்று படிகமாக இருக்கும் குவினைன் மேல்தான் மோகம். மெட்ராஸ் கமிஷன் என்ன சொன்னால் என்ன, சந்தை சுத்தத்துக்குத்தான் காசு கொடுக்கும். எனவே கிங்குக்கும், மங்பூ தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஜேம்ஸ் கேமிக்கும் ஒரே தலைவலி: சொந்தப் பட்டையிலிருந்து சுத்தமான குவினைனை மலிவாக எடுப்பது எப்படி? அதுவரை தெரிந்த வழிக்கு ஏராளமாக ஆல்கஹால் வேண்டும். ஆல்கஹாலுக்குக் கொடுக்கும் காசில் கொய்னாவை இறக்குமதியே செய்துவிடலாம்.

1887 வாக்கில் கேமி அதற்கு எண்ணெய் வழியில் விடை கண்டார். இதைப் புரிந்துகொள்ள வத்தக்குழம்பை நினைத்துக்கொள்ளுங்கள். கொதித்து இறக்கியதும் எண்ணெய் பிரிந்து மேலே நிற்கும். மிளகாயின் சிவப்பு முழுக்க அந்த எண்ணெயில் இருக்கும். புளிப்பும் உப்பும் கீழே தண்ணீரில். யார் யாருக்கு எது சொந்தமோ அங்கே போய் ஒட்டிக்கொள்கிறார்கள். சின்கோனாச் சத்துக்கு ஒரு விசித்திர குணம் உண்டு. சுண்ணாம்போ சோடாவோ சேர்த்தால் எண்ணெய்ப் பக்கம் சாயும். அமிலம் சேர்த்தால் தண்ணீர்ப் பக்கம் சாயும். எலெக்‌ஷன் சமயத்துக் கட்சிக்காரர் மாதிரி.

அதனால் பட்டைத் தூளோடு சுண்ணாம்பும் சோடாவும் கலந்து, ஃபியூசல் எண்ணெயும் பெட்ரோலிய எண்ணெயும் சேர்ந்த கலவையைச் சூடாக ஊற்றிக் கலக்கினார்கள். சாராயம் காய்ச்சும்போது மிஞ்சும் கசடுதான் ஃபியூசல் எண்ணெய். சத்து எண்ணெய்க்கு வந்துவிடும். சக்கையைத் தள்ளிவிட்டு எண்ணெயில் நீர்த்த கந்தக அமிலத்தை விட்டு மறுபடி கலக்கினால், சத்து எண்ணெயை விட்டுவிட்டு அமில நீருக்குத் தாவும். அதை ஆறவிட்டால் குவினைன் சல்ஃபேட் ஊசி ஊசியாகப் படிகம் கட்டும். வணிகவியல் படித்தவனுக்குப் பிடித்த இடம் இதுதான்: எண்ணெய் செலவாகவில்லை. அடுத்த பீப்பாய்ப் பட்டைக்கு அதே எண்ணெய். கரைப்பான் என்பது மூலதனம் ஆகிவிட்டது, செலவுக் கணக்கில் இல்லை. விலை அங்கேதான் உடைந்தது.

விலை உடைந்ததும் கிங் செய்த காரியத்துக்காகவே அவரை நான் கும்பிடுவேன். குவினைனை வெள்ளைக்காரர் ஆஸ்பத்திரிகளோடு நிறுத்தவில்லை. 1892ல் வங்காளத்தின் தபால் ஆபீஸ்களில் விற்க ஏற்பாடு செய்தார். சிறைக் கைதிகள் பொட்டலம் கட்டுவார்கள். ஒரு பொட்டலம் ஒரு வேளை மருந்து. விலை ஒரு பைஸ், நம் பாஷையில் காலணா. ஒரு ரூபாய்க்கு 64 பொட்டலம். டாக்டர் இல்லாத கிராமத்திலும் தபால்காரர் உண்டு, தபால் ஆபீஸில் கணக்கு உண்டு, கள்ளப் பொருள் விற்றால் கேட்க ஆள் உண்டு. இன்றைக்கு நாங்கள் 'கடைக்கோடி மனிதனுக்கு வங்கிச் சேவை' என்று மீட்டிங் மீட்டிங்காகப் பேசுகிறோமே, அதை அந்த மனுஷன் காலணாவில் செய்துவிட்டுப் போயிருக்கிறார்.

மரக் கதையில் இன்னொரு பக்கம் உண்டு, அது அவ்வளவு இனிப்பில்லை. சார்லஸ் லெட்ஜர் என்ற வியாபாரிக்கு பொலிவியாவில் மானுவேல் இங்க்ரா மாமானி என்ற பழங்குடி வேலையாள் இருந்தார். எந்த மரத்தில் சத்து அதிகம் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லக்கூடியவர். அவர் பொறுக்கிக் கொடுத்த விதைகள் 1865ல் ஐரோப்பா வந்தன. பிரிட்டிஷ் அரசாங்கம் வேண்டாம் என்றது. டச்சுக்காரர்கள் சொற்பக் காசுக்கு ஒரு பவுண்டு விதை வாங்கி ஜாவாவில் போட்டார்கள். அதில் வந்த மரங்களின் பட்டையில் குவினைன் பத்து சதவீதத்துக்கும் மேலே போனது! மாமானியை அதே விவகாரத்துக்காகப் பிடித்து அடித்துச் சிறையில் போட்டார்கள். இறந்துபோனார். லெட்ஜர் பெயர் மரத்துக்கு இருக்கிறது. மாமானி பெயர் எதற்கும் இல்லை.

அப்புறம் ஜாவாதான் ராஜா. 1913ல் தோட்டக்காரர்களும் உற்பத்தியாளர்களும் சேர்ந்து ஆம்ஸ்டர்டாமில் கினா பீரோ என்று ஒன்றை வைத்துக்கொண்டு விலையை நிர்ணயித்தார்கள். சுத்தமான கார்ட்டெல். உலகக் கொய்னாவில் பத்தில் ஒன்பது பங்கு ஜாவாச் சரக்கு. நம் நடுவட்டமும் மங்பூவும் ஓடிக்கொண்டுதான் இருந்தன, ஆனால் நாட்டின் தேவையில் பாதியைக்கூட எட்டவில்லை. தபால் ஆபீஸ் பொட்டலம் இருக்கிறதே என்று யாரும் தோட்டத்தைப் பெருக்கவில்லை. இறக்குமதி சுலபமாக இருந்தது.

1942 மார்ச்சில் ஜப்பான் ஜாவாவைப் பிடித்தது. அடுத்த வருஷம் வங்காளத்தில் பஞ்சம். பட்டினியால் செத்தவர்கள் போக, அரிசி கைக்குக் கிடைக்க ஆரம்பித்த பிறகும் மலேரியா கும்பல் கும்பலாக வாரிக்கொண்டு போனது. கொய்னா கறுப்புச் சந்தைச் சரக்காகிவிட்டது. காலணாவுக்குத் தபால் ஆபீஸில் வாங்கிய ஊரில்! இங்கே வயதான பெங்காலிகளிடம் பஞ்சத்தைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால் அரிசிக்கு அடுத்தபடி குவினைனைத்தான் சொல்வார்கள். மரம் இருந்தது, முறை தெரிந்தது, பீப்பாய் இருந்தது. அளவுதான் இல்லை.

மங்பூவுக்கு இன்னொரு புகழ் உண்டு. 1938க்கும் 1940க்கும் நடுவே தாகூர் அங்கே பலமுறை வந்து தங்கினார். அவர் தங்கியது மைத்ரேயி தேவியின் வீட்டில். கணவர் மன்மோகன் சென் சின்கோனாத் தொழிற்சாலையில் குவினாலஜிஸ்ட். அந்த வீடு இப்போது நினைவில்லம். பெங்காலிகள் பக்தியோடு போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். நடந்துபோகும் தூரத்தில் இருக்கும் தொழிற்சாலையைப் பார்த்தீர்களா என்று ஆபீஸில் ஒருவரிடம் கேட்டேன். "ஓட்டா கீ?" என்றார். அது என்ன என்று அர்த்தம்.

பட்டையிலிருந்தும் இலையிலிருந்தும் மருந்தை இறக்கும் வேலை கொல்கத்தாவில் அதோடு நிற்கவில்லை. ராஜாபஜார் சயன்ஸ் காலேஜில் அசீமா சாட்டர்ஜி வாழ்நாள் முழுக்க இதைத்தான் செய்தார். 1944ல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் டி.எஸ்ஸி. வாங்கியவர். இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் அந்தப் பட்டம் பெற்ற முதல் பெண்மணி. சர்ப்பகந்தி, நித்தியகல்யாணி என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். வலிப்பு நோய்க்கு ஆயுஷ்-56 என்ற மருந்து அவர் பங்களிப்பில் வந்தது. அதில் ஒரு சரக்கு என்ன தெரியுமோ? நம் ஊர் வாய்க்கால் ஓரத்து ஆரைக்கீரை! இங்கே சுஷ்னி ஷாக் என்று மார்க்கெட்டில் கட்டுக் கட்டாக விற்கிறார்கள். சாப்பிட்டால் நல்ல தூக்கம் வரும் என்பது இங்குள்ள பாட்டிகள் நம்பிக்கை. நான் சாப்பிட்டுப் பார்த்தேன். ஆடிட் வாரமாக இருந்ததால் ஒன்றும் தெரியவில்லை.

இத்தனையும் நான் படிக்க ஆரம்பித்ததற்குக் காரணம் ஒரு ப்ராஜெக்ட் ரிப்போர்ட். மூலிகைச் சாறு எடுக்கும் ஆலைக்குக் கடன் கேட்டு ஒருவர் கொடுத்திருந்தார். அதில் 'சூப்பர்கிரிட்டிகல் கார்பன் டை ஆக்ஸைடு' என்று பக்கத்துக்குப் பத்து தடவை வந்தது. அது என்ன சாமான் என்று தெரியாமல் கையெழுத்துப் போட முடியாதே.

மங்பூவின் எண்ணெய்ப் பீப்பாய்க்குப் பேரன்தான் அது. 1822ல் பிரெஞ்சுக்காரர் கன்யார் த லா தூர், மூடிய பீரங்கிக் குழாய்க்குள் திரவத்தையும் ஒரு கல் உருண்டையையும் போட்டுச் சூடாக்கி உருட்டிப் பார்த்தார். ஒரு வெப்பநிலையைத் தாண்டியதும் உருளும் சத்தம் மாறிவிட்டது. உள்ளே திரவம், ஆவி என்ற பேதமே போய்விட்டது. 1869ல் பெல்ஃபாஸ்டின் தாமஸ் ஆண்ட்ரூஸ் கார்பன் டை ஆக்ஸைடுக்கு அந்த எல்லையை அளந்தார். இன்றைய அளவில் 31.1 டிகிரி, கிட்டத்தட்ட 74 பார் அழுத்தம். (31 டிகிரி என்றால் கொல்கத்தாவில் ஏப்ரல் மாதக் காலை நேரம்.) 1879ல் ஹன்னே, ஹோகார்த் இருவரும் அந்த நிலையில் உள்ள பொருளில் திடப்பொருள்கள் கரைவதையும், அழுத்தத்தை இறக்கியதும் பனி மாதிரி உதிர்வதையும் பார்த்தார்கள். மங்பூவில் வுட் பீப்பாயை உருட்டிக்கொண்டிருந்த அதே பத்தாண்டு!

வியாபாரத்துக்கு வர இன்னும் எண்பது, தொண்ணூறு வருஷம் ஆனது. 1960களில் ஜெர்மனியில் குர்ட் சோசெல் இதை வைத்துக் காப்பிக்கொட்டையிலிருந்து காஃபீனை உருவினார். வாயு மாதிரி இண்டு இடுக்கில் நுழையும், திரவம் மாதிரி கரைக்கும். வேலை முடிந்ததும் அழுத்தத்தை இறக்கினால் கரைப்பான் காற்றாகப் பிரிந்துவிடும், சத்து மட்டும் மிஞ்சும். மண்ணெண்ணெய் வாசம் இல்லை. போன கார்பன் டை ஆக்ஸைடைப் பிடித்து மறுபடி அழுத்தி அடுத்த சுற்றுக்கு விடலாம். கேமியின் எண்ணெய் மாதிரியே.

சூடு படாது என்பது இன்னொரு லாபம். அதன் மதிப்பை சீனாவின் தூ யோயோ காட்டினார். மலேரியாவுக்குப் பழைய நூல் சொன்ன மூலிகையைக் கொதிக்கவைத்தபோது பலன் நிலையாக இல்லை. 1971ல், 35 டிகிரியிலேயே ஆவியாகும் ஈதரில் இறக்கிப் பார்த்தார். ஆர்ட்டெமிசினின் கிடைத்தது, 2015ல் நோபல் பரிசும் கிடைத்தது. கடுமையான மலேரியாவுக்கு முதல் வரிசையிலிருந்து கொய்னாவை இறக்கியது அந்த மருந்துக் குடும்பம்தான்.

ஆனால் கார்பன் டை ஆக்ஸைடும் எல்லாவற்றையும் கரைத்துவிடாது. எண்ணெய்ப் பசை, வாசனைச் சரக்கு என்றால் பிரமாதம். கொய்னா மாதிரிச் சத்துகளுக்குக் கொஞ்சம் ஆல்கஹால் துணை வேண்டும், பல சமயம் காரமும் சேர்க்க வேண்டும். சுண்ணாம்பு மறுபடி வந்துவிட்டது பார்த்தீர்களா! ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தார் துளசியிலிருந்து யூஜினாலை இந்த முறையில் எடுத்து 2013ல் கட்டுரை வெளியிட்டார்கள். யூஜினால் என்பது கிராம்பு வாசனை. பல் டாக்டரிடம் அடிக்குமே, அதே.

ரிப்போர்ட்டில் எனக்கு உறுத்தியது வேறு. நூற்றுக்கணக்கான பார் அழுத்தம் தாங்கும் எஃகுக் கலன், பம்பு, வால்வு என்று போட்ட முதலுக்குத் தேய்மானமும் வட்டியும் சேர்த்தால், ஒரு கிலோ சாறின் அடக்கவிலையில் துளசி இலையின் பங்கு சொற்பம். ஆகவே விற்க வேண்டிய இடம் என்று அவர் போட்டிருந்தது ஏற்றுமதி, அழகு சாதனம், சத்து மாத்திரை. கடன் கணக்குக்கு அது சரி. திட்டத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை, மேலிடத்துக்குப் பரிந்துரை எழுதி அனுப்பினேன். அனுப்பும் முன் அடக்கவிலையைப் பழைய கணக்கில் மாற்றிப் பார்த்தேன். காலணாவுக்கு எத்தனை துளி வரும் என்று என் கால்குலேட்டரில் தசம ஸ்தானம் போதவில்லை.

மங்பூவில் சின்கோனா மரங்கள் இன்னும் நிற்கின்றன. மேற்கு வங்க அரசின் சின்கோனா மற்றும் மருத்துவத் தாவர இயக்ககம் பார்த்துக்கொள்கிறது.